தெருவுக்கு வராத புத்தகம்

(திருவொற்றியூரில், தெருவிலேயே பாய் விரித்து நடந்த 'கருக்கு' வாசிப்புக் கூட்டத்தின் தொடக்க உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, பேசியவர் பார்த்துத் திருத்திய வடிவம்.)

 

மைக் செட் தம்பி பத்து மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட ஆகாதுன்னு சொல்லிட்டாரு. அதனால சுருக்கமாப் பேசிட்டு உக்காந்திடறேன்.

இன்றைக்கு இங்கே நூல் வெளியீடு எதுவும் இல்லை. பொன்னாடை இல்லை, நினைவுப் பரிசு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலான ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்கப் போகிறோம். பாமா எழுதிய 'கருக்கு'. 1992-இல் மதுரையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்து 2000-இல் வெளிவந்து, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. அவ்வளவு தூரம் போன புத்தகம் நம்ம தெருவுக்கு வரலை. ஏன் வரலைன்னு கேட்டா, முதல் குற்றவாளி நான்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கவிதைத் தொகுப்பு வெளியானது. தென்சென்னையில் ஏ.சி. போட்ட ஓர் அரங்கம். ஒருவர் வெளியிட்டார், ஒருவர் பெற்றுக்கொண்டார், ஆறு பேர் பேசினார்கள். 'பிரதி' என்றார்கள், 'விளிம்பு' என்றார்கள், 'எதிர் அழகியல்' என்றார்கள். நான் கேலி செய்யவில்லை. நானும் அப்படிப் பேசுகிற ஆள்தான். 1990களில் நம்மை நாமே பேசத் தொடங்கியபோது அந்தச் சொற்கள் நமக்கு வேண்டியிருந்தன. ஆனால் முதல் வரிசையில் புதுப்புடவை கட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். தொகுப்பில் பாதிக் கவிதை அவளைப் பற்றியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "எல்லாரும் உன்னைப் பத்தி நல்லாப் பேசினாங்கடா. புக்குல என்னா எழுதியிருக்கேன்னு ஒருத்தரும் சொல்லலியே?"

இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒரு கவிதைகூட முழுசாக வாசிக்கப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அக்காவும் வந்திருந்தாள். அம்மா வால்டாக்ஸ் ரோடு பக்கம் நாலு வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்த்து எங்களை வளர்த்தவள். சாயங்காலம் அவள் தூக்கில் கொண்டுவரும் சோற்றுக்காக நானும் அக்காவும் வாசலில் காத்திருப்போம். அந்தக் கவிதையில் 'எச்சில் சோறு' என்று எழுதியிருந்தேன். அரங்கத்தில் பேசிய ஆறு பேரில் நாலு பேர் அந்தச் சொல்லைத்தான் எடுத்துச் சொன்னார்கள். கைதட்டலும் அதுக்குத்தான். அதில் அக்காவை வீட்டில் கூப்பிடுகிற பேரும் இருந்தது. வாசித்து முடித்தேன். அக்கா எழுந்து போனவள்தான். அஞ்சு மாசம் என்னோட பேசலை.

ஆறாவது மாசம் அவளே வந்தாள். "என் பேரைப் போட்டதுகூடப் போவட்டும். என் மாமியார் வீட்ல யாரும் உன் புக்கைப் படிக்கப் போறதில்ல. ஆனா அது எச்சில்னு எதுக்குடா எழுதினே? அம்மா எச்சில் கொண்டாந்ததே இல்ல. காலைல போனவுடனே தூக்கை அவங்க அடுப்பாங்கரையில வெச்சிடுவா. அவங்க சாப்பிட உக்காரதுக்கு முன்னாடி அதுல எடுத்து வெச்சிடணும். இல்லாட்டி வேலைக்கு வர மாட்டேன்னு சொல்லித்தான் சேர்ந்தா. ரெண்டு வீட்டை அதுக்காவவே விட்டா. நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரியாத இடத்தில் ஏன் 'எச்சில்' என்று போட்டேன்? அந்தச் சொல் கவிதைக்குக் கனம் கொடுத்தது. நம்மைப் பற்றிப் பொதுப்புத்தி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறதோ, அதற்குத் தோதாக இருந்தது. அம்மா நாலு வீட்டுக்காரர்களிடம் பேசி வாங்கின மரியாதையை, அவளுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, நானே அழித்துவிட்டேன். தலித் கவிஞன் என்று சொல்லிக்கொள்கிற நான்.

நான் வங்கியில் கிளார்க். கடன் வாங்க வருகிறவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் உண்டு. அவர்களிடம் பத்திரத்தை நீட்டி, இங்கே ரேகை வை என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டி, விளக்கிச் சொல்லி, அப்படிச் செய்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கி, அதற்கப்புறம்தான் பெருவிரல். பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு இந்த நடைமுறை இருக்கிறது. ஒரு மனுஷியின் வாழ்க்கையை எடுத்துப் புத்தகம் போடுகிற நமக்கு ஏன் இல்லை? சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவன் யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் எழுதியதை யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் காதில் போடுவது கடமை. அதைச் செய்யாமல் நடத்துகிற வெளியீட்டு விழா பாதி வெளியீடுதான்.

இப்போது 'கருக்கு'வுக்கு வருகிறேன். பாமா விருதுநகர் மாவட்டத்துப் பெண். கன்னியாஸ்திரியாகப் போய், மடத்துக்குள்ளேயும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியே வந்தவர். வந்த கையோடு தன் தெருவை, தன் ஜனங்களை, அவர்கள் பேசுகிற மொழியிலேயே எழுதினார். புத்தகம் வந்ததும் என்ன நடந்தது? சொந்த ஜனங்களுக்கே கோபம் வந்துவிட்டது. எங்களைக் கேவலப்படுத்திவிட்டாய் என்றார்கள். ஏழு மாதம் அவர் ஊருக்குள் போக முடியவில்லை.

இந்தச் செய்தியை நான் கல்லூரியில் படித்தபோது 'பாவம், விவரமில்லாத ஜனம்' என்று நினைத்தேன். அக்கா அஞ்சு மாசம் பேசாமல் இருந்த பிறகுதான் அந்த ஏழு மாதம் எனக்கு வேறு மாதிரி புரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருக்கிற ஒரு தெரு புத்தகத்தின்மேல் கோபப்படுகிறது என்றால், அது யாரோ சொல்லிக் கேட்ட புத்தகம். உன் பேரு இருக்காம், உங்க ஊட்டுச் சண்டை இருக்காம் என்று காதுக்குக் காது போன புத்தகம். அந்தக் கோபத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. காலங்காலமாக நம்மைப் பற்றி ஊரார் சொன்னது எல்லாமே ஏச்சுதான். இப்போது நம்ம பொண்ணே எழுதியிருக்கிறாள் என்றால், அதுவும் ஏச்சாக இருக்குமோ என்று பயப்படுவதில் என்ன தப்பு? அந்தப் பயம் போவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காதால் கேட்பது. கேட்டால் தெரியும், அதில் கேவலப்படுகிறவர்கள் யார், நிமிர்ந்து நிற்கிறவர்கள் யார் என்று. பாமா ஏழு மாதத்தோடு எழுத்தை விட்டுவிடவில்லை. 1994-இல் 'சங்கதி', 1996-இல் 'கிசும்புக்காரன்' என்று அதே ஜனங்களைத்தான் எழுதினார். இன்றைக்கும் கல்லூரிகளில், கூட்டங்களில் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: "அப்போ பெருமாள்முருகன் விஷயத்துல நடந்ததும் சரியா? அங்கேயும் ஊர்க்காரங்கதானே கோபப்பட்டாங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது. 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. நாலு வருஷம் சும்மா இருந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்தார்கள். 2015 ஜனவரி 9 அன்று கடையடைப்பு. 12-ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று கூப்பிட்டு, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துப்போனான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. தமுஎகச நீதிமன்றம் போனது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்னது.

இரண்டு கோபத்துக்கும் என்ன வித்தியாசம்? பாமாவின் தெருவிடம் அதிகாரம் இல்லை. கடையை அடைக்க முடியாது, அதிகாரியைக் கூப்பிட்டு மேசை போட முடியாது. தன் பொண்ணோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம், அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த ஆயுதம். திருச்செங்கோட்டில் நின்றது எண்ணிக்கையும் பணமும் அரசு இயந்திரமும் உள்ள ஆதிக்க சாதித் திரட்சி. அந்தத் திரட்சி முழுப் புத்தகத்தையும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அதனால் எனக்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. கோபப்படுகிறவரிடம் ஒரே கேள்வி: முழுசாப் படிச்சியா? இல்லே, யாராவது முழுசாப் படிச்சிக் காட்டினாங்களா? ஆமாம் என்றால் உட்காரு, ராத்திரி முழுக்கப் பேசுவோம். ஜெராக்ஸ்தான் பார்த்தேன் என்றால், முதலில் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வா.

பெருமாள்முருகனுக்காக நாடே பேசியது. பேச வேண்டியதுதான், நாமும் பேசினோம். ஆனால் அதே 2014-இல் புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடி பக்கத்து துரை குணாவுக்கு என்ன நடந்தது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 'ஊரார் வரைந்த ஓவியம்' என்று ஒரு குறுநாவல் எழுதினார். தலித் எழுத்தாளர். தன் ஊரின் சாதியை எழுதியதற்காக ஆதிக்க சாதியினர் அவரையும் அவர் குடும்பத்தையும் ஒதுக்கிவைத்தார்கள். அவர் பேருக்கு அவ்வளவு மெழுகுவர்த்தி ஏற்றப்படவில்லை. எழுத்துச் சுதந்திரத்துக்கும் ஊர், சேரி என்று இரண்டு தெரு இருக்கிறது தோழர்களே.

சரி, அடுத்தவனைக் கேள்வி கேட்டது போதும். நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. ஆரோக்கியம் என்கிற அந்தத் தாய் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்கிறாள், களத்தில் தானியத்துக்குக் கையேந்துகிறாள். யார் வீட்டில், யார் களத்தில்? நம்ம வீட்டில், நம்ம களத்தில். அப்போது பெரிய விவாதம் நடந்தது. நாம் எழுந்து வருகிற நேரத்தில் நம்ம அழுக்கை நாமே சந்தியில் வெளுப்பதா என்றார்கள் ஒரு பக்கம். நமக்குக் கீழே ஒருத்தரை வைத்துக்கொண்டு விடுதலை பேச முடியுமா என்றார்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். ஆனால் சொல்லுங்கள், அந்த விவாதம் நடந்த இடங்களில் ஓர் ஆரோக்கியமாவது உட்கார வைக்கப்பட்டாளா?

ரொம்ப தூரம் போக வேண்டாம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியாளர்கள் வேலையைத் தனியாருக்கு விடாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள்தான் கண்ணில் பட்டார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். நான் ஒரு சாயங்காலம் அங்கே போனேன். பையில் ஒரு நாவல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டாங்க: "என்னா புக்கு சார் அது? எங்களப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?" 'கோவேறு கழுதைகள்'தான் அது. பஸ்ஸில் படிக்க எடுத்துப் போனது. "இல்லம்மா, இது வேற"ன்னு சொல்லி பையை மூடிட்டேன். எதுக்குப் பயந்தேன்னு இன்னிக்கும் யோசிக்கிறேன். வாசித்துக் காட்டியிருந்தால் அந்த அம்மா என்னை மேலும் நாலு கேள்வி கேட்டிருப்பாங்க. எந்தத் தெரு உன்னுது, உங்க தெருவுல எங்க ஜனம் தண்ணி கேட்டா எதுல குடுப்பீங்கன்னு கேட்டிருப்பாங்க. அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

இப்படித் தெருவில் வாசிப்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. 1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து பத்திரிகை தொடங்கினார். அதன் பேரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலை எட்டினால்தான் எழுத்து எட்டும் என்று அவருக்குத் தெரியும். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளிவரை அது போய்ச் சேர்ந்தது. மும்பையைப் பாருங்கள். அண்ணாபாவ் சாட்டே மாங் சாதியில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் சில நாள்கூடச் சேர்ந்தாற்போல் இருக்காதவர், மில் தொழிலாளி. 'ஃபகிரா' நாவலை எழுதுவதற்குப் பல வருஷம் முன்பே மில் குடியிருப்புகளில் டப் அடித்துப் பாட்டும் கதையும் சொன்னவர். 1958-இல் தாதரில் முதல் தலித் இலக்கிய மாநாடு நடந்தபோது அவர்தான் தொடக்கவுரை. இந்தப் பூமி ஆதிசேஷன் தலையில் நிற்கவில்லை, தலித்துகள், தொழிலாளிகள் கையில்தான் நிற்கிறது என்று அங்கே சொன்னார். ஒரு நாவலாசிரியரின் மேடைப் பேச்சு என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். கேட்டு வளர்ந்தவர், அதனால் கேட்கிறவர்களுக்குப் பேசத் தெரிந்தது.

நம்ம பக்கம் என்ன குறை? துறைமுகம் இருக்கு, காசிமேடு இருக்கு, எண்ணூர் சாம்பல் குளம் இருக்கு. கேரம் போர்டு கிளப் இருக்கு, கானா இருக்கு. சினிமாக்காரன் வந்து கத்தியும் ரத்தமுமா நம்மைப் படம் பிடிச்சிட்டுப் போறான். எழுதுகிறவர்களும் நம்மிலிருந்து வந்துவிட்டார்கள். கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' இருக்கிறது, சிந்தாதிரிப்பேட்டையை எழுதிய தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' இருக்கிறது. இவர்களை எல்லாம் நாம் கூப்பிட வேண்டும். ஆனால் நாவலை முழுசாக வாசித்து முடித்த பிறகுதான் கூப்பிட வேண்டும். படிக்காத கூட்டத்துக்கு முன்னால் எழுத்தாளர் வந்தால் அவர் சொற்பொழிவுதான் ஆற்ற முடியும். படித்த கூட்டத்துக்கு முன்னால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் எழுத்தையும், சுகிர்தராணியின் கவிதைகளையும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் எடுத்துவிட்டார்கள். ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்தால் போதும், பாடப்புத்தகத்தில் இருப்பது போய்விடும். ஒரு தெருவே காதால் கேட்டு, சண்டை போட்டு, சிரித்து, மனசில் வைத்துக்கொண்டதை எந்தச் சுற்றறிக்கையாலும் எடுக்க முடியாது. பாமாவின் புத்தகத்தை இங்கே வாசிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் ஒரு ஏற்பாடு. வாரம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம். புத்தகம் முடிகிறவரை விடுவதில்லை. வாசிக்கிறவர் எழுத்துக் கூட்டி வாசித்தாலும் யாரும் சிரிக்கக் கூடாது. புரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம். கோபம் வந்தால் சொல்லலாம், கத்தியும் சொல்லலாம், ஆனால் கடைசிப் பக்கம் வரை எழுந்து போகக் கூடாது. ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இது தப்பு, இது எங்க தெருவுல இப்படி இல்ல, இதை விட்டுட்டாங்க என்று நீங்கள் சொல்வது எல்லாம் அதில் எழுதப்படும். எழுத்தாளர் வருகிற அன்றைக்கு மாலைக்குப் பதிலாக அந்த நோட்டைத்தான் கையில் கொடுப்போம். அந்தப் பக்கம் குடியிருப்பிலிருந்து துப்புரவு வேலை பார்க்கிற நாலு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தயவுசெய்து பாயை நகர்த்திப் போட்டு நடுவில் இடம் கொடுங்கள். இந்தப் புத்தகம் முடிந்ததும் அடுத்தது 'கோவேறு கழுதைகள்'. அதை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நம்மைக் கேள்வி கேட்க வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். அன்றைக்கு நாமும் கடைசிப் பக்கம் வரை எழுந்து போகக் கூடாது.

என் தொகுப்பில் விற்காத பிரதிகள் வீட்டில் கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்து, அந்தப் பக்கத்தில் 'எச்சில்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தேன். 'பங்கு' என்று போடச் சொன்னது அக்கா. "அது அம்மாவோட பங்குடா, கூலி மாதிரி"ன்னு சொன்னா. கவிதையின் ஓசை கொஞ்சம் கெட்டுவிட்டது. பரவாயில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வரமுடியலை. அக்கா வந்திருக்கா. எட்டாவதுவரைக்கும் படிச்சவ. 'கருக்கு' முதல் பக்கத்தை அவதான் வாசிக்கப் போறா. தம்பி, மைக்கைக் கொஞ்சம் கீழ இறக்குப்பா, அவ உக்காந்துதான் படிப்பா.